இருபதாம் தேதிக்குள்

சீனு அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தபோதே அவர் முகத்தில் ஒரு விஷமச் சிரிப்பு இருந்தது. கல்லூரி அலுவலகத்தில் முதுகலைச் சேர்க்கையைக் கவனிப்பவர் அவர். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களை இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டிப் பூட்டி, மனிதர்களை நம்புகிற வழக்கமே அவருக்கு விட்டுப் போயிருந்தது.

"நம்ம டிபார்ட்மென்டுக்கு ஆள் வந்தாச்சு மேடம். ரேங்க்கை மட்டும் ஒந்து சாரி நோடி, ஒரே ஒரு தடவை பாருங்க."

டாக்டர் பத்மாஸினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மைசூர் நஞ்சன்கூடு ரோட்டில் உள்ள அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரியில் கதிரியக்கப் புற்றுநோய்த் துறைக்குத் தலைவி அவள். பெயர் வைஷாலி என்று இருந்தது. ஊர் ஹனூர். ரேங்க் இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.

"தப்பா அடிச்சிருப்பா," என்றாள் பத்மாஸினி.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணு தடவை சரி பார்த்துட்டேன். கரெக்டுதான்."

வெளியாளுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். டாக்டர் படிப்பை முடித்து, மேல்படிப்புக்கான தேர்வை எழுதிய பிள்ளைகள், தங்களுக்கு வேண்டிய துறைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று கணினியில் வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். ரேங்க் நன்றாக இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு முதலில் போடுவது ரேடியாலஜி. ஸ்கேன் படத்தைப் பார்த்து நோயைச் சொல்கிற வேலை. குளிர்ந்த அறை, நல்ல நாற்காலி, அழுகிற சொந்தக்காரர்கள் யாரும் எதிரே வந்து நிற்க மாட்டார்கள். அதே கதிரை வைத்துக்கொண்டு புற்றுநோய்க்கு வைத்தியம் செய்கிற பத்மாஸினியின் துறையோ கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி. ரேடியாலஜி கிடைக்காமல், தோல் மருத்துவம் கிடைக்காமல், வேறு எதுவுமே கிடைக்காமல் போனவர்கள், சரி, ஏதோ ஒன்று என்று வந்து உட்காரும் இடம். முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரேங்க்கில் வருவார்கள். இரண்டாயிரத்து எண்ணூறில் ஒருத்தர் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

"ரேடியாலஜி இந்த ரேங்க்குக்குத் தாராளமா கிடைச்சிருக்கும்," என்றார் சீனு. "ஏதோ இருக்கு மேடம். சும்மனே யாரும் வர மாட்டாங்க. சில பேர் நல்ல ரேங்க்காரங்களை வெச்சு சீட்டைப் பிடிச்சு வெப்பாங்க. கடைசி நேரத்துல விட்டுட்டுப் போவாங்க. அப்புறம் அந்த சீட்டு பணம் குடுக்கற யாருக்குப் போகும்னு உங்களுக்குத் தெரியாததா?"

யாருமே சீந்தாத ஒரு சீட்டை யார் எதற்காகப் பிடித்து வைக்க வேண்டும் என்று பத்மாஸினி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தேகப்படுவதற்கு அவளுக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன.

முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு பெண் வந்து சேர்ந்து, கடைசிச் சுற்று முடிந்த மறுநாள் காணாமல் போனாள். போன வருஷம் கிரண் என்று ஒரு பையன். ஐந்து மாதம் நோயாளிகள் பக்கம் தலை காட்டாமல் நூலகத்திலேயே கிடந்து, மறுபடி தேர்வு எழுதி, ரேடியாலஜிக்குப் போய்விட்டான். போகிற அன்று கேக் வெட்டினான். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பத்மாஸினியும் வாழ்த்திவிட்டு வந்தாள். 

விதி இதுதான். இருபதாம் தேதிக்குள் ஒருவர் விலகினால் அந்த சீட்டு அடுத்த சுற்றுக்குப் போகும், வேறு யாராவது வருவார்கள்; விலகினவரும் அந்தச் சுற்றில் வேறு சீட்டுக்குப் போகலாம். இருபதாம் தேதி தாண்டி விலகினால் அடுத்த வருஷம் வரை அது காலிதான். துறையில் அவளையும் சேர்த்து இரண்டே டாக்டர்கள். மேல்படிப்பு மாணவர் யாரும் இல்லாமல் காலை, மதியம் என்று இரண்டு வேளை மெஷினை ஓட்ட முடியாது. இந்த வருஷமும் ஆள் நிற்கவில்லை என்றால் மதிய வேளையை மூடிவிடுவதாக நிர்வாகம் கடிதமே கொடுத்துவிட்டது. மதிய வேளை என்றால் இருபத்தைந்து நோயாளிகள். சாமராஜநகர், கொள்ளேகால், ஹனூர் என்று எங்கிருந்தோ பஸ் பிடித்து வருகிறவர்கள். அவர்களைப் பெங்களூருக்குப் போகச் சொன்னால் பாதிப்பேர் வீட்டுக்குத்தான் போவார்கள்.

வைஷாலி இரண்டாம் தேதி வந்து சேர்ந்தாள். ஒல்லியான பெண். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோளில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

"ஏம்மா இந்தத் துறைக்கு வந்தே?" என்று பத்மாஸினி கேட்டாள்.

"புடிச்சிருந்துச்சுங்க மேடம்."

"பிடிச்சிருந்ததுன்னா?"

"ஹவுஸ் சர்ஜன் பண்ணும்போது பதினஞ்சு நாள் இந்த டிபார்ட்மென்ட்ல போட்டிருந்தாங்க. அப்ப பாத்தது. மொத ஆப்ஷனே இதான் குடுத்தனுங்க."

"ஆத்துல யாருக்காவது கேன்சர் வந்திருந்ததா?"

"இல்லீங்க மேடம். எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க."

பத்மாஸினிக்கு அந்த பதில் துளியும் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு வந்தது, சித்தப்பா போய்ச் சேர்ந்தார் என்று ஏதாவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இருபது வருஷமாக எத்தனை பேரை இந்த நாற்காலியில் உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள்! பிடித்திருந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பொய் சொல்லக்கூடத் தெரியாத பெண்ணா, அல்லது ரொம்பத் தெரிந்த பெண்ணா?

அன்றே முடிவு செய்துவிட்டாள். இருபதாம் தேதி தாண்டட்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போகிறவளுக்கு எதற்குச் சொல்லிக்கொடுத்து நேரத்தை வீணாக்குவது?

இந்தத் துறையில் புதிதாக வருகிறவர் முதலில் கற்றுக்கொள்வது வரைவது. நோயாளியின் ஸ்கேனைத் துண்டு துண்டாகக் கணினித் திரையில் போட்டு, ஒவ்வொரு துண்டிலும் கட்டி எங்கே இருக்கிறது, கதிர் படக்கூடாத நரம்பு எங்கே ஓடுகிறது என்று கோடு போட வேண்டும். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, இளையவர் கையைப் பிடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுப்பார். பத்மாஸினி அந்தத் திரையின் கடவுச்சொல்லை மாற்றி வைத்தாள். வைஷாலி அறைக்குள் வந்தால் திரையை மூடிவிட்டு, "அந்தப் பழைய கேஸ் ஷீட்டெல்லாம் அடுக்கி வையம்மா," என்பாள். பெண் முகம் சுளிக்காமல் போய் அடுக்குவாள். முகம் சுளிக்காததும் சந்தேகத்துக்கு இடமாக இருந்தது.

சீனு சும்மா இருப்பாரா? எட்டாம் தேதி வந்து காதில் போட்டார். "தினம் ஒரு மணிக்கு எங்கே போறா தெரியுமா மேடம்? ரேடியாலஜிக்கு. அங்க ஒரு மணி நேரம். நான் கண்ணால பார்த்தேன்."

 பத்மாஸினிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

பதினான்காம் தேதி மாடிப்படித் திருப்பத்தில் நின்று வைஷாலி போனில் பேசிக்கொண்டிருந்தாள். மேலே இருந்து இறங்கி வந்த பத்மாஸினி அப்படியே நின்றுவிட்டாள். ஐம்பத்தேழு வயதில், ஒரு துறையின் தலைவி, படியில் நின்று ஒட்டுக் கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

"பத்தொம்பதாம் தேதிக்குள்ள முடிச்சே ஆகோணுங்க. அதுக்கு மேல போச்சுன்னா இத்தன நாள் பட்டதெல்லாம் வீணாப் போயிரும். யாருகிட்டயும் போக வேண்டாம், நேரா எங்கிட்டயே வாங்க. மேடத்துகிட்ட நான் பேசிக்கறேன்."

பத்தொன்பதாம் தேதிக்குள்! இதற்கு மேல் என்ன வேண்டும்? பத்மாஸினி வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டாள்.

அன்று மாலை விஜயநகரில் உள்ள தன் வீட்டுக்குப் போன பிறகும் அது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தி ஏமாற்றுகிறாள் என்பதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பெண் செய்வது ஒவ்வொன்றும் தனக்கு அத்துப்படியாக இருக்கிறதே என்பதுதான் உறுத்தியது. கல்லூரி விழாக்களில் மாலை போட்டு மேடையில் உட்காரவைத்து, இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், சேவை செய்யத்தான் என்பாள் பத்மாஸினி. அவள் ஆசைப்பட்டது ரேடியாலஜிக்கு. கிடைக்கவில்லை. இங்கே வந்து சேர்ந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் மூன்று தடவை மறுபடி தேர்வு எழுதினாள். மூன்று தடவையும் தவறியது. அதற்குப் பிறகுதான் சேவை. மூன்றாவது தடவை தவறிய அன்று பஸ் ஸ்டாண்டில் நின்று அழுததைப் புருஷனிடம்கூட அவள் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு, ஆசைப்பட்டு ஒருத்தி இங்கே வருவாள் என்று எப்படி நம்பிக்கை வரும்?

யோசித்து யோசித்து அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். போகிறவள் எப்படியும் போவாள். இருபதாம் தேதிக்குள் போனாலாவது சீட்டு பிழைக்கும், மதிய வேளை பிழைக்கும். கிரண் போல ஐந்து மாதம் கழித்துப் போனால் எல்லாம் பாழ். எனவே போகிறவளை இப்போதே போகவைப்பதுதான் துறைக்கு நல்லது. சீனுவிடம் சொல்லி ஒரு விலகல் கடிதம் தட்டச்சு செய்யவைத்தாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. சீனு தேதி இடத்தைக்கூடக் காலியாக விடவில்லை, இருபது என்றே போட்டிருந்தார்.

பதினெட்டாம் தேதி காலை வைஷாலியை அறைக்குக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினாள்.

வைஷாலி இரண்டு தடவை படித்தாள். "நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டனுங்களா மேடம்?"

"தப்பில்லேம்மா. போறதுன்னா இருபதுக்குள்ள போயிடு. நான் தடுக்க மாட்டேன். ஒரிஜினல்ஸ் எல்லாம் அன்னிக்கே வாங்கித் தரேன். எனக்கு வேண்டியது சீட்டு வீணாகக்கூடாது, அவ்வளவுதான்."

"நான் போறேன்னு யாருங்க சொன்னாங்க?"

"தினம் ரேடியாலஜிக்குப் போறே இல்லையா?"

"ஆமாங்க. கழுத்து எம்.ஆர்.ஐ. படிக்கக் கத்துக்கறேன். படம் பாக்கத் தெரிஞ்சாத்தானுங்களே கோடு போட முடியும்? இங்க நீங்க பிஸியா இருந்தீங்க."

"அன்னிக்கு மாடிப்படியில யாரோட பேசினே? பத்தொம்பதுக்குள்ள முடிக்கணும்னு?"

வைஷாலி கடிதத்தை மேசை மேல் வைத்தாள். "அய்யாவுங்க மேடம். எங்கூர்க்காரரு. வாய்க் கேன்சரு. முப்பத்தஞ்சு நாள் ரேடியேஷன் வெக்கோணும், முப்பத்திரண்டு வெச்சுட்டு ராகி அறுப்புன்னு ஊருக்குப் போயிட்டாரு. விட்டுவிட்டு வெச்சா குணமாகாதுன்னு கேஸ் ஷீட்டு அடுக்கும்போது பாத்துட்டு நாந்தான் கூப்பிட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு வரப் பயந்தாரு. அதான் நான் பேசிக்கறேன்னு சொன்னேன். நேத்து வந்துட்டாரு."

ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தது. தட்டுத் தடுமாறாமல் வந்தது. பத்மாஸினிக்கு அதுவும் சந்தேகமாகப் போயிற்று. எல்லாக் கேள்விக்கும் பதில் தயாராக வைத்திருக்கிறாளே!

"லெட்டர் உங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். "யோசிச்சுச் சொல்லு."

மறுநாள், பத்தொன்பதாம் தேதி, பதினொரு மணிக்கு மெஷின் அறை வாசலில் அய்யாவு உட்கார்ந்திருந்தார். கழுத்துத் தோல் கறுத்துப் போயிருந்தது, குரல் கரகரத்தது, கையில் வைத்திய நாட்களைக் குறிக்கிற பச்சைக் கார்டு. அன்றைக்கு முப்பத்தைந்தாவது நாள். பத்மாஸினியைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"மன்னிச்சுருங்கம்மா. பாதியில போனது தப்புத்தானுங்க. அந்தப் புள்ள நாலு நாளா விடாமக் கூப்பிட்டுச்சு. எம்பட மகளுக்குக்கூட அத்தன பொறுமை கெடையாதுங்க."

பத்மாஸினி தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவமானம் காது வரை சுட்டது. அப்போதே வைஷாலியைக் கூப்பிட்டு, அந்தக் கடிதத்தைக் கொடும்மா, நான் ஒரு பைத்தியக்காரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. மதியம் முழுக்க இதோ சொல்லிவிடலாம், அதோ சொல்லிவிடலாம் என்று இருந்தாள். ஒரு தடவை கதவு வரை போனாள். இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் போய் நிற்க வேண்டுமே என்று கால் வரவில்லை. தானாகவே கையெழுத்துப் போடாமல் இருந்துவிடுவாள், பேச்சு அதோடு முடிந்துவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

இருபதாம் தேதி மூன்று மணிக்கு வைஷாலி வந்தாள். கடிதத்தை மேசை மேல் வைத்தாள். கையெழுத்து இருந்தது.

"என்னம்மா இது?" பத்மாஸினி எழுந்துவிட்டாள். "அது... நான் சும்மா... அதைக் கிழிச்சுப் போட்டுடலாம். அய்யாவு எங்கிட்ட சொன்னார். எனக்குத் தெரியும், தப்பு என் மேலதான்."

"கிழிச்சாலும் நீங்க அடுத்த தேதி எப்பன்னு பாத்துட்டிருப்பீங்க மேடம்." வைஷாலியின் குரல் உயரவில்லை. "அடுத்த வருசம் பரீச்சை வரும். அப்பவும் நான் லைப்ரரிக்குப் போனா, போன்ல பேசினா, உங்களுக்கு அதே நெனப்புத்தான் வரும். மூணு வருசம் அப்படி இருக்க என்னால முடியாதுங்க."

"நான் மாத்திக்கறேன்மா."

"எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. சீட்டு வீணாகக்கூடாதுன்னு நீங்க சொன்னது நெசந்தானுங்க. இன்னிக்குப் போனா வேற ஒருத்தரு வருவாங்க." துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கலாங்களா மேடம்? உங்களுக்கு இந்த வேலை புடிக்குங்களா?"

பத்மாஸினி வாயைத் திறந்தாள். மேடையில் சொல்கிற பதில் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்ல முடியவில்லை.  வைஷாலி கும்பிட்டுவிட்டுப் போனாள். நாலரை மணிக்கு சீனு சான்றிதழ்களை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேனே மேடம், போயிடுவான்னு," என்றார். பத்மாஸினி அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் அதற்குப் பிறகு அன்று அந்தப் பக்கம் வரவில்லை.

அடுத்த சுற்றின் பட்டியல் பத்து நாளில் வந்தது. பத்மாஸினி தன் துறைக்கு யார் என்று பார்க்கவில்லை. வைஷாலியின் பெயரைத்தான் தேடினாள். மங்களூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. கதிரியக்கப் புற்றுநோய்த் துறை. அந்த ரேங்க்குக்கு அந்தச் சுற்றில் ரேடியாலஜி சீட்டு நான்கு இருந்தது. நான்கையும் விட்டுவிட்டு மறுபடி இதையே முதலில் போட்டிருக்கிறாள். பத்மாஸினி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அந்த வாரக் கடைசியில் வெட்கத்தை விட்டுப் போன் செய்தாள். வைஷாலி எடுத்தாள். மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. நல்லா இருக்கீங்களா மேடம் என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

"நல்லா இருக்கேன். அங்க எப்படிம்மா? பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குதுங்க. இங்க மொத நாளே வரையக் குடுத்துட்டாங்க மேடம்."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னாள். அதைத்தான் பத்மாஸினியால் தாங்க முடியவில்லை. அப்புறம் பேசறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை புதுப் பையன் வந்தான். பெயர் ஸுமந்த். விஜயநகர்க்காரன்தான், நாற்பத்தோராயிரம் ரேங்க். கேட்பதற்கு முன்பே, மாமாவுக்குக் கேன்சர் வந்து வீடே தவித்ததாகவும், அதைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று வைராக்கியம் பிறந்ததாகவும் சொன்னான். அழகாகச் சொன்னான். பக்கத்தில் நின்ற சீனுவுக்கே கண் கலங்கிவிட்டது. தோள்பையின் ஜிப் சரியாக மூடவில்லை. உள்ளே அடுத்த வருஷத் தேர்வுக்கான கேள்விப் புத்தகம், புத்தம் புதிது, மேலாகவே இருந்தது.

பத்மாஸினி அதைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. இவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்த மாதம் படிக்க ஆரம்பிப்பான், எந்த மாதம் கேக் வெட்டுவான் என்பதுகூடத் தெரியும்.

"வா," என்று அவனை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, திரையைத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுத்தாள். ஒரு கழுத்தின் படம் விரிந்தது. மௌஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இது நாக்கோட அடி. கட்டி இங்கேருந்து ஆரம்பிக்கறது. இதைச் சுத்திக் கோடு போடு."

பையன் திருதிருவென்று விழித்தான். "மேடம், இதெல்லாம் இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."